சாமியோடு கடற்கரைக்கு

நவம்பர் 17, வெள்ளி. கார்த்திகை ஒன்று.

மூன்றரைக்கு எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு வீடு முழுக்கக் கழுவி விட்டேன். ஐந்தரைக்கு இவர் மாலை போட்டுக்கொண்டார். ராஜமாணிக்கம் குருசாமி போட்டுவிட்டார். இது பதினோராவது வருஷம். குருசாமி ஜோதி பார்க்கத்தான் கூட்டிப்போவார் என்பதால் ஜனவரி ஒன்பதாம் தேதி இருமுடி. மலைக்குப் போய்த் திரும்பி மாலை கழற்றப் பொங்கல் தாண்டிவிடும். ஏறக்குறைய அறுபது நாள். விரலை மடக்கி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

இன்று முதல் இவர் பெயர் கருணாகரன் இல்லை. எனக்கும் பிள்ளைகளுக்கும் சாமி. அவரும் என்னை வாங்க போங்க என்பார். வருஷத்தில் இரண்டு மாதம் தவமணிக்கு இந்த வீட்டில் மரியாதை.

ஹெட்மாஸ்டர் இந்த டைரியை ஜனவரியில் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவுப் பொறுப்பு என்னுடையது, அரிசி பருப்பு எழுதத்தான் கொடுத்திருப்பார். இதுவரை காலியாகவே கிடந்தது. மற்ற மாதங்களில் எழுதும்படி ஒன்றும் இல்லை.

நவம்பர் 19, ஞாயிறு

சாயங்காலம் ஐந்து மணிக்கு "கெளம்புங்க, கடற்கரைக்குப் போலாம்" என்றார். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். மாலை போட்ட முதல் ஞாயிறு ஆரம்பித்துவிடும். புதுப்பாளையத்திலிருந்து தேவனாம்பட்டினம் பைக்கில் பத்து நிமிஷம். சின்னவள் மகிழினி பெட்ரோல் டேங்க் மேல், பெரியவள் சுபிக்ஷா நடுவில், நான் ஒரு காலைத் தொங்கவிட்டுக் கடைசியில்.

கடலூரில் குளிர் என்றால் சிரிப்பார்கள். வந்து நின்று பார்க்கட்டும். மழை ஓய்ந்த காற்று காதுக்குள் புகுந்து பல்லைத் தேடுகிறது. மகிழுக்குக் குரங்குக் குல்லா. சாமிக்குக் காலில் செருப்பு கிடையாது, ஈர மணலில் வெறுங்காலோடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கிறார். நடந்து நடந்து அந்தக் குளிரிலும் சட்டை நனைந்துவிட்டது. பிள்ளைகள் மணலில் கோயில் கட்டினார்கள். நான் மிளகாய் பஜ்ஜி தின்றேன். பஜ்ஜிக்கார அம்மாள் "குடும்பமா வந்து உக்காந்திருக்கறது பாக்கவே நல்லாருக்கு" என்றாள். ஆமாம் என்றேன்.

ஏன் கடற்கரை என்று பெரியவள் வழியில் கேட்டாள். காற்று வாங்க என்று சொன்னேன். ஆறு மணி ஆனால் இவருக்கு வீட்டில் உட்கார முடியாது, கை எதையாவது தேடும். பெண்ணையாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாண்டிச்சேரி எல்லை. இறங்கினதும் வரிசையாகக் கடை. அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 23, வியாழன்

சுபிக்ஷாவுக்கு நாள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு விசாலாட்சி அக்காவிடம் மூன்று நாளைக்கு அனுப்பியாயிற்று. பதின்மூன்று வயசுப் பெண், பரீட்சை நேரம். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது "பரவால்லம்மா, அங்க நல்லாத் தூங்கலாம்" என்றாள். நம் வீட்டில் தூங்க என்ன குறை என்று கேட்க வாய் வரவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

இன்று எனக்கு. நானும் அக்கா வீட்டில்தான். நீங்கள் மூவரும் கடற்கரைக்குப் போய் வாருங்கள் என்று மகிழிடம் சொல்லி அனுப்பினேன். "அவங்க வராம எதுக்கு" என்று பதில் வந்தது. கடைசியில் நான் ஆட்டோவில் தனியாகப் போய் முப்பது அடி தள்ளி உட்கார்ந்தேன். சாமி சுண்டல் வாங்கி என் பக்கம் பாதி தூரம் வந்து மணலில் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பினார். நாய்க்கு வைப்பதுபோல் இருக்கிறது என்று கோபம் வந்தது. சூடாக இருக்கட்டும் என்று மேலே இன்னொரு தாள் சுற்றியிருந்தார். கோபத்தோடு தின்றேன்.

இடது மணிக்கட்டு குளிரில் வலிக்கிறது. ஆவணியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது.

டிசம்பர் 3, ஞாயிறு

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கடற்கரைக்கு யாரும் போகக்கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து கத்துகிறார்கள். ஐந்தரை மணிக்குச் சாமி வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்க ஆரம்பித்தார். நான் இட்லிக்கு ஊறவைத்த அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தேன், காது முழுக்க அந்த நடையில்தான். ஆறு மணிக்கு வண்டிச் சாவியை எடுத்தார்.

"எங்க சாமி?"

"சும்மா. இதோ வந்துடறேன்."

அரிசியை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு ரெயின்கோட்டை மாட்டினேன். "நாங்களும் வரோம்."

"மழை பெய்யுதுங்க."

"பெய்யட்டும்."

நாலு பேரும் நனைந்துகொண்டே போய்க் கடற்கரைச் சாலையில் போட்டிருந்த தடுப்புக் கம்பிக்கு முன்னால் நின்றோம். கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும். போலீஸ்காரர் குடையோடு வந்து, "சாமி, கொழந்தைங்கள வச்சிக்கிட்டு இங்க என்னா வேடிக்கை?" என்று திட்டினார். சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஏழு மணிக்கு "போலாம்" என்றார். வீட்டுக்கு வந்து எல்லாரையும் ஆவி பிடிக்க வைத்தேன். மகிழ் மட்டும் ரொம்ப நல்லா இருந்தது, நாளைக்கும் போகலாமா என்று கேட்டாள்.

டிசம்பர் 4, திங்கள்

மூவருக்கும் சளி. எனக்கு இல்லை, எனக்கு வந்தால் யார் பார்ப்பது.

டிசம்பர் 10, ஞாயிறு

வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. கடல் நன்றாக உள்ளே வந்து மணலை அரித்துவிட்டுப் போயிருக்கிறது. சாமி மகிழைத் தோளில் ஏற்றிக்கொண்டு அலைக்குள் முழங்கால்வரை போனார். சுபிக்ஷா என்னையும் இழுத்தாள். புடவை நனைய நின்றேன். ஒரு பெரிய அலை வந்தபோது கை நீட்டி என்னைப் பிடிக்க வந்தார், விரதம் நினைவுக்கு வந்து கையை மடக்கிக்கொண்டு, "பாத்துங்க, பாத்துங்க" என்று மட்டும் சொன்னார். நாங்கள் நாலு பேரும் சிரித்தோம்.

எனக்கு இவர்மேல் இன்னும் ஆசை இருக்கிறது. இதை வேறு எங்கும் சொல்ல முடியாது. பத்து மாதம் பார்த்தவள் சொல்லக்கூடிய வார்த்தையா இது.

டிசம்பர் 14, வியாழன்

முட்டை லோடு தாமதம். கால் வீக்கம். தூங்கினால் போதும்.

டிசம்பர் 19, செவ்வாய்

மதியம் ஒன்றேகாலுக்குப் பண்ருட்டியிலிருந்து கோமதி போன் செய்தாள். இவருடைய ஏழுமலைச் சித்தப்பாவின் மருமகள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மாமா காலைல போயிட்டாருக்கா. உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. நாலு மணிக்கு எடுக்கறாங்க."

ஆவணியில் அவர்கள் வீட்டுக் காதுகுத்தில் இவர் செய்த கலாட்டாவுக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. அப்பா இல்லாத இவரை எட்டு வயசிலிருந்து வளர்த்து, வெல்டிங் கற்றுக்கொடுத்துப் பட்டறை வைத்துக்கொடுத்தவர் சித்தப்பாதான். ஆனாலும் இல்லை.

பங்காளி சாவு. தீட்டு. சொன்னால் இன்றே மாலையைக் கழற்ற வேண்டும், இந்த வருஷம் மலை கிடையாது. கழற்றினால் இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணி.

சரி கோமதி என்று போனை வைத்துவிட்டு மீதி முட்டையை உரித்தேன்.

இவர் ஏழு மணிக்குத்தான் வந்தார். தலை ஈரமாக இருந்தது. பட்டறையில் தூசி, அங்கேயே தலைக்கு ஊற்றிக்கொண்டேன் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று, பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

டிசம்பர் 20, புதன்

சொல்லவில்லை.

டிசம்பர் 21, வியாழன்

வளர்த்தவருக்குத் தோள் கொடுக்க விடாமல் செய்துவிட்டேன். நாளைக்கு இவர் என்னைக் கேட்டால் என்ன பதில்? மலைக்குத் தீட்டோடு ஏறினால் என்ன ஆகும் என்று விசாலாட்சி அக்காவிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். "ஐயோ, புலி வழி மறிக்கும்" என்றாள்.

ஆனால் இன்று சாயங்காலமும் இவர் வீட்டில் இருந்தார். சுபிக்ஷாவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். நான் சமையலறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

அரையாண்டு விடுமுறை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

சாமிக்கு என்னவோ போல் இருக்கிறது. நாலைந்து நாளாகச் சாப்பிடும்முன் ஒரு பிடி எடுத்து மதில்மேல் காக்காவுக்கு வைக்கிறார். சரணம் சொல்லும்போது குரலே வருவதில்லை. இன்று காலை பூஜையில் "விளக்க நீங்களே ஏத்துங்க" என்று தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். தீட்டுக் கையால் எப்படி ஏற்றுவேன், "நீங்க ஏத்துங்க சாமி" என்று திருப்பிக் கொடுத்தேன். "இல்லல்ல, நீங்க." மூன்று தடவை தீப்பெட்டி அங்கும் இங்கும் போயிற்று. கடைசியில் மகிழ் பிடுங்கிப் பற்றவைத்தாள். ஆறு வயசுக் குழந்தைக்குத் தீட்டு ஒட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடற்கரையில் கூட்டம். சாமி நடக்கவில்லை. தண்ணீர் ஓரம் குத்தவைத்து உட்கார்ந்து ஈர மணலைக் கையில் அள்ளுவதும் விடுவதுமாக இருந்தார். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன். குளிர் என்றார். பஜ்ஜி ருசிக்கவில்லை. இந்த வருஷம் எல்லாமே கெட்டுவிட்டது, கெடுத்தது நான்.

டிசம்பர் 28, வியாழன்

குருசாமி வந்தார். இருமுடிக்குப் பெயர்ப் பட்டியல் எழுதுகிறார். "கருணா சாமி, எழுதிக்கலாமில்ல?" என்று கேட்டார். இவர் கழுத்து மாலையைத் தடவிப் பார்த்தார். பிறகு "எழுதிக்குங்க சாமி" என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டிசம்பர் 31, ஞாயிறு

புத்தாண்டுக் கூட்டம் வரும்முன் திரும்பிவிடலாம் என்று மூன்று மணிக்கே போனோம். பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனிமேல் தாங்காது.

"சாமி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"பண்ருட்டி சித்தப்பா போயிட்டாரு. பத்தொம்பதாந் தேதி. கோமதி போன் பண்ணா. நான் உங்ககிட்டச் சொல்லல."

அடிப்பார் என்று இருந்தேன். மாலையை மறந்து அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். இவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்குக் காலைலயே தெரியும். வாட்ஸப்புல போட்டோ போட்டிருந்தானுங்க. மத்தியானம் போனேன். எதிர்க்க டீக்கடைல நின்னேன், மாலையச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு. தூக்கிக்கிட்டு வந்தாங்க. டீக்கடைலேருந்தே கும்பிட்டேன். அப்புறம் கெடிலம் ஆத்துல முழுகிட்டு பஸ் ஏறிட்டேன்."

"கிட்டப் போகலியா?"

"போனா கழட்டணுமே."

"கையப் புடிச்சித் தொழில் கத்துக்குடுத்தவரு. நாலு அடி தோள் குடுக்கல நான்" என்றார். அழுதார். இவர் அழுது நான் பார்த்ததில்லை. மற்ற சமயத்தில் அழுததெல்லாம் வேறு.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"நீங்க ஏன் சொல்லல?"

ஏன் சொல்லவில்லை. ராட்டினத்திலிருந்து மகிழ் கையாட்டினாள், நானும் ஆட்டினேன். இடது கை. அதை அப்படியே இவர் முன்னால் நீட்டி, "இதுக்காகத்தான்" என்றேன்.

டைரியில் எழுதிவிடுகிறேன். பாத்ரூமில் வழுக்கவில்லை. காதுகுத்திலிருந்து வந்த அன்று கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்து நசுக்கினார். சுபிக்ஷா பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நானும் அவளும் ஒரே பொய்யைச் சொன்னோம்.

இவர் என் கையைப் பார்த்தார், தொடவில்லை. "கழட்டிட்டா அன்னிக்கே பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருப்பேன். எனக்கே தெரியும். அதான் பயந்துட்டேன்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மலையில் இருக்கிற சாமியை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல். பதினோரு வருஷமாக ஐயப்பனை என் வீட்டு வாசலில் காவலுக்கு நிறுத்திவைத்திருக்கிறேன், அவருக்கும் அலுத்திருக்கும்.

"மலைக்குப் போக வேணாம்" என்றேன். "நாளைக்குக் கழட்டிடலாம். பதினாறாம் நாள் புதன்கிழமை வருது. நீங்க போய்க் கருமாதில நில்லுங்க."

"அங்க போனா…"

"தெரியும்."

கருமாதிச் சாப்பாடு முடிந்ததும் ஆம்பளைகள் முந்திரித் தோப்புக்குப் போவார்கள். எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் கருமாதி முடியாது. இரண்டு பேரும் அதைத்தான் யோசித்துக்கொண்டு பிள்ளைகளை இறக்கப் போனோம்.

ஜனவரி 1, திங்கள். டைரி முடிந்துவிட்டது, கடைசியில் குறிப்புக்கென்று விட்டிருக்கும் பக்கத்தில் எழுதுகிறேன்.

மாலையை இவருடைய அம்மா இருந்தால் அம்மா கழற்ற வேண்டும். அவர்கள் இல்லை. குருசாமிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னார். அவர் ரொம்ப நேரம் திட்டினார், பிறகு வீட்டம்மாவையே கழற்றச் சொல்லுங்கள் என்றாராம். தேங்காய் உடைத்துவிட்டு என் கையாலேயே கழற்றினேன். கழுத்தில் மாலை இருந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. மகிழ் "சாமி போயிட்டாரா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் ஐந்தரையிலிருந்து இவர் கூடவே கொல்லையில் உட்கார்ந்து, இரண்டு பேருமாக மூன்று கிலோ புளிக்குக் கொட்டை எடுத்தோம். எட்டு மணி ஆயிற்று. வீட்டில் அவ்வளவு புளி தேவையே இல்லை.

ஜனவரி 2, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சாயங்காலம் கடற்கரை. இன்றும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

ஜனவரி 3, புதன்

காலை ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்பினார். வெள்ளை வேட்டி. நானும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க வந்தா உங்களப் பாத்துத் தொடாம இருந்துட்டேன்னு ஆயிடும். தனியாப் போயிட்டு வரேன்" என்றார். வாசல்படியில் நின்று, "ஆறு மணிக்கு நேரா கடற்கரைக்கு வந்துடறேன். பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வந்துடு" என்றார். நாக்கு இன்னும் 'நீங்க'வுக்கும் 'நீ'க்கும் நடுவில் கிடக்கிறது.

பகலெல்லாம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. சாம்பாரில் உப்புப் போடவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

ஐந்தரைக்குக் கடற்கரையில் இருந்தோம். புதன்கிழமை, ஆளே இல்லை. பஜ்ஜிக் கடையும் மூடியிருந்தது. ஆறு மணிக்கு இருட்ட ஆரம்பித்தது. சுபிக்ஷா ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். ஆறேகால். ஆறரை. போன் செய்தேன், சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. காற்று முகத்தில் மணலை வாரி அடித்தது. மகிழுக்குக் குளிர், என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். இந்தப் பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிற என்னைத்தான் முதலில் உதைக்க வேண்டும் என்று தோன்றியது.

"போலாம்மா" என்றாள் சுபிக்ஷா. "எனக்குத் தெரியும், வரமாட்டாரு."

"ஏழு மணி வரைக்கும் பாப்போம்" என்றேன். ஏழாகி ஐந்து நிமிஷமும் ஆயிற்று. எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

சாலை விளக்குக்குக் கீழே ஒரு ஆள் இறங்கி வந்தான். வெள்ளை வேட்டி. மணலில் கால் புதைந்து புதைந்து வந்தது. எந்த ஆம்பளையும் மணலில் அப்படித்தான் நடப்பான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காற்று கடலிலிருந்து அவர் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது, பத்தடியில் வந்து நின்றும் எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. கிட்டப் போகக் கால் எழவில்லை. சுபிக்ஷாவும் அப்படியே நின்றாள்.

மகிழ்தான் முந்தானையை உதறிக்கொண்டு ஓடினாள். இவர் குனிந்து தூக்கினார். அவளுக்கு அந்த வாடை ஆகவே ஆகாது, மூக்கைப் பொத்திக்கொண்டு திமிறி இறங்கிவிடுவாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். குளிருக்கு அவர் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எடுக்கவே இல்லை.

"பஸ் நெல்லிக்குப்பத்துல பஞ்சர்" என்றார். "போன்ல சார்ஜ் இல்ல. தோப்புல ஊத்திக் குடுத்தாங்க. கைல வாங்கிட்டேன் தவம். பொய் சொல்லல, வாங்கிட்டேன். சித்தப்பா மவன் அதப் பாத்துட்டு 'இதுக்குத்தான வந்தே'ன்னான். கீழ வச்சிட்டு வந்துட்டேன்."

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. வரவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு அசதி. நவம்பரிலிருந்து இல்லை, அதற்கும் முன்னாலிருந்து, எத்தனையோ வருஷத்து அசதி எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் உடம்பில் இறங்கியது. சுபிக்ஷா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் இன்னும் அப்பா பக்கம் போகவில்லை. போகச் சொல்லி நானும் சொல்லவில்லை, அது அவள் இஷ்டம்.

ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன் போல. புதுப்பாளையம் வந்து சுபிக்ஷா எழுப்பினாள். தலை இவர் தோளில் இருந்தது, இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது மெதுவாக, "நாளைக்கும் போலாமா?" என்று கேட்டார்.

நாளைக்கும் ஆறு மணி வரும். வரட்டும், போகலாம் என்றேன். இப்போது தூக்கம் வருகிறது.